வசந்தத்துக்கு நாலு மாதம் முன்னால்

பக்கத்து வீட்டு மல்லி பங்குனியில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு நம் வீட்டுத் தொட்டியின் ஞாபகம் வரும். உடனே ஒரு பிடி உரம், இரண்டு வேளைத் தண்ணீர். செடி தளதளவென்று இலை விடும், பூ வராது. லண்டனிலும் இதே கதைதான், செடி மட்டும் வேறு. மார்ச்சில் தெருவோரமெல்லாம் டாஃபடில் மஞ்சளாக நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினால், ஏற்கெனவே பூத்த தொட்டியைக் காசு கொடுத்து வாங்கி வரலாம். நம் கையால் நட்டுப் பூக்க வைக்க வேண்டுமானால் அக்டோபரிலேயே கிழங்கு மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

ஆண்டில் முதலில் பூக்கும் செடிகளில் பல, பூக்குமுன் ஓர் ஓய்வைக் கேட்கின்றன. என்ன ஓய்வு என்பது ஊரைப் பொறுத்தது. பனி நாட்டில் நீண்ட குளிர். நம் சமவெளியில் கத்தரியும் கொஞ்சம் தாகமும். சிங்கப்பூர் மாதிரி குளிரே இல்லாத ஊரில் வெறும் தாகம். உங்கள் ஊரால் எதைக் கொடுக்க முடியும் என்று பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள். சென்னை மொட்டை மாடியில் துலிப் வளர்க்க ஆசைப்படுவதைவிட அந்தக் காசுக்கு நாலு மல்லி வாங்குவது மேல் என்பது என் கட்சி. துலிப் கிழங்குக்குப் பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாத குளிர் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து அந்தக் குளிரைக் கொடுத்தாலும், மாசி வெயில் வந்ததும் பூ நாலே நாளில் கவிழ்ந்துவிடும். அடுத்த வருஷம் அந்தக் கிழங்கு பூக்கப்போவதும் இல்லை.

கத்தரியை எடுக்குமுன்

உங்கள் செடி புதுத் தளிரில் பூப்பதா, போன பருவத்துக் கொப்பில் பூப்பதா? இது தெரியாமல் கவாத்து செய்யக் கூடாது. மல்லி, முல்லை, பிச்சி எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. வெட்ட வெட்டத் தளிர், தளிர் வரவரப் பூ. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இருக்கும் அசேலியாவும் கமேலியாவும் நேர் எதிர். முந்தைய கோடையிலேயே மொட்டைக் கட்டி வைத்துக்கொண்டு குளிர் முழுக்கக் காத்திருப்பவை அவை. மார்கழியில் ‘அழகாக வெட்டிவிடுகிறேன்’ என்று கிளம்பினால், வெட்டி எறிவது அந்த வருஷத்துப் பூவைத்தான். டொராண்டோவிலும் லண்டனிலும் வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா, மே மாதம் மணக்கும் லைலாக் இரண்டும் இந்த ஜாதிதான். இவற்றுக்கெல்லாம் பூ உதிர்ந்த கையோடு கவாத்து. அதற்கு முன்னும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

சமவெளியில் மல்லி

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம்தான் கவாத்துக்கு உரிய நேரம். வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டினால் மார்கழி பிறக்கும்வரை பொறுக்கலாம். கவாத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தோட்டங்களில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டுகிறார்கள். தொட்டிச் செடிக்கு ஓர் அடி விட்டால் போதும்.

வெட்டும்போது மனம் இளகக் கூடாது. காய்ந்த குச்சி, பென்சில் கனம்கூட இல்லாத நோஞ்சான் கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் போக வேண்டும். மீதமுள்ள ஒவ்வொரு கொப்பையும் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். முடிந்த பிறகு தொட்டியில் நாலைந்து மொட்டைக் குச்சிகள்தான் நிற்கும். வீட்டில் யாராவது ‘செடியைக் கொன்றுவிட்டாயே’ என்பார்கள். வெட்டுவாயில் மஞ்சள் குழைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. பூசாவிட்டாலும் பாதகமில்லை, கத்தரி கூராகவும் சுத்தமாகவும் இருந்தால் சரி.

மறுநாள் மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கிளறுங்கள். வேர் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி, எலும்புத்தூள் ஒரு பிடி கலந்து போட்டு, மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம். தழைச்சத்து ஏறினால் செடி இலையிலேயே தன் பலத்தையெல்லாம் காட்டிவிடும். தொட்டிக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்க வேண்டும். மல்லி பூக்கவில்லை என்று வருகிற புகார்களில் பாதிக்கு, தொட்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்துவதே தீர்வு.

இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் செம்பச்சையாகத் தளிர் எட்டிப்பார்க்கும். மாசிக் கடைசியில் தளிர் நுனியில் மூன்று மூன்றாக மொட்டுக் கட்டும். இந்த நேரத்தில் தினமும் ஒருமுறை செடியைக் குனிந்து பாருங்கள். மொட்டுகள் நூலால் பின்னியதுபோல ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் சின்ன ஓட்டையோடு இருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்தக் கொத்தைக் கிள்ளி அழித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது நோயல்ல, இரும்புச்சத்துக் குறை. உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும்.

பூத்து ஓய்ந்த கொப்பை அப்படியே விடாமல், பூ இருந்த இடத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். அடுத்த தளிர் அங்கிருந்து வரும். ஆடி வரைக்கும் இப்படி அலை அலையாகப் பறிக்கலாம். முல்லைக்கும் பிச்சிக்கும் நாள் வேறு: பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெட்டித் தள்ளாதீர்கள்.

மலையில்

ஊட்டியில் வேலை வெட்டுவதல்ல, காப்பது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் இளஞ்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கொப்புகளால் போர்த்தி வைப்பார்கள். வீட்டில் அதற்குப் பழைய வேட்டியோ சாக்கோ போதும். இலைமேல் படாமல் குச்சி நட்டு, மாலையில் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாள் நேரடியாக இலையைத் தொட்டால், தொட்ட இடமெல்லாம் கருகும்.

பனி நாட்டில் கிழங்குகள்

லண்டன், டொராண்டோ, ஆஸ்லோ என்று எங்கே இருந்தாலும் விதி ஒன்றுதான்: இலையுதிர் காலத்தில் நடு, வசந்தத்தில் பார். தேதிதான் மாறும். லண்டனில் டாஃபடில், குரோக்கஸ் கிழங்குகளை செப்டம்பர், அக்டோபரில் நடலாம். துலிப்பை மட்டும் நவம்பருக்கு ஒத்திப்போடுங்கள். மண் குளிர்ந்த பிறகு நட்டால் துலிப் இலையைக் கருக்கும் பூஞ்சை நோயின் தொல்லை குறையும். டொராண்டோவில் அவ்வளவு தாமதிக்க முடியாது. தரை உறைவதற்குள் வேர் பிடிக்க வேண்டும் என்பதால், அக்டோபர் முடிவதற்குள் எல்லாம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

வாங்கும்போது கிழங்கை அமுக்கிப் பாருங்கள். நல்ல சின்ன வெங்காயம்போல் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தாலோ பூசணம் பூத்திருந்தாலோ வேண்டாம். கிழங்கு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஆழம்: குரோக்கஸுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர், டாஃபடிலுக்கு 15, துலிப்புக்கு 15 முதல் 20. கூர்முனை மேலே. எது மேல் எது கீழ் என்று புரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை தானாக வளைந்து மேலே வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தக் கிழங்கும் அழுகும். அந்த இடத்தில் மண்ணை மேடாக்கிவிட்டு நடுங்கள். நட்டதும் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் அதோடு உங்கள் வேலை முடிந்தது.

அணிலின் வேலை அப்போதுதான் தொடங்கும். டொராண்டோவின் சாம்பல் அணில், நீங்கள் கிளறிய மண்ணைப் பார்த்தாலே வந்துவிடும். துலிப்பும் குரோக்கஸும் அதற்கு விருந்து. மிளகாய்த்தூள் தூவினால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும். கோழி வலையைத் தரையோடு விரித்து ஓரங்களில் கல் வைத்து, தரை உறைந்த பிறகோ முளை வரும்போதோ எடுத்துவிடுவதுதான் நம்பகமான வழி. இந்தப் போராட்டமே வேண்டாம் என்பவர்கள் டாஃபடிலும் ஸ்னோட்ராப்பும் நடலாம். இரண்டும் விஷக் கிழங்கு, அணில் திரும்பிப் பார்க்காது.

விஷம் என்றதும் சமையலறைக்கு ஓர் எச்சரிக்கை. டாஃபடில் கிழங்கு வெங்காயம் மாதிரியே இருக்கும், மொட்டு விரியாத தண்டு வெங்காயத்தாள் மாதிரி. ஆள் மாறிச் சமைத்துச் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல், டாஃபடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள் என்று சூப்பர் மார்க்கெட்டுகளுக்கே சொல்ல வேண்டி வந்தது. அணில் தொடாத அந்த ஸ்னோட்ராப் குடும்பத்திலிருந்துதான் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமீன் மருந்து முதலில் கிடைத்தது என்பது தனிக் கதை.

ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்தால் இலை நுனிகள் மண்ணுக்கு மேலே வந்துவிடும். அடுத்த வாரமே பனி கொட்டும். பதறி எதையும் மூட வேண்டாம்; இலை தாங்கும், விழுந்த பனியே போர்வையாகவும் இருக்கும். லண்டனில் ஜனவரிக் கடைசியில் ஸ்னோட்ராப், பிப்ரவரியில் குரோக்கஸ், மார்ச்சில் டாஃபடில், ஏப்ரலில் துலிப் என்று வரிசை. டொராண்டோவில் அதே வரிசை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி, மார்ச்சிலிருந்து மே வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிப்ரவரிக் கடைசியில் ஃபோர்சித்தியாவின் மொட்டுள்ள கிளைகள் சிலவற்றை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வீட்டுக்குள் வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பூக்கும்.

பூ வாடியதும் செய்வதுதான் அடுத்த வருஷத்தைத் தீர்மானிக்கிறது. காய் பிடிக்க விடாமல் வாடிய தலையைக் கிள்ளுங்கள், இலையைத் தொடாதீர்கள். அது மஞ்சளாகிச் சாய ஆறு வாரம் ஆகும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சிலர் ஜடை மாதிரி பின்னி முடிச்சுப் போடுகிறார்கள், அதுவும் கூடாது. அந்த ஆறு வாரத்தில் இலை சமைக்கிற உணவுதான் கிழங்குக்குள் அடுத்த பூவாகிறது. ஸ்னோட்ராப்பை மட்டும் இந்தப் பச்சை இலையோடு இருக்கும்போதே தோண்டிப் பிரித்து நடலாம். காய்ந்த கிழங்காக வாங்கி நட்டால் பாதி முளைக்காது.

குளிரே வராத ஊர், தலைகீழ் ஊர்

சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்கள் காகிதப்பூவைப் பிடித்துக்கொள்ளலாம். மழை படாத, வெயில் விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றி, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடாமல் இருந்து, பிறகு கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் நிறம் கட்டும்.

மெல்பர்ன், சிட்னியில் வசந்தம் செப்டம்பரில் என்பதால் கிழங்கு நடுவது ஏப்ரல், மே. சிட்னியின் குளிர் துலிப்புக்குப் போதாது. நடுமுன் ஆறு முதல் எட்டு வாரம் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கூடவே ஆப்பிள் வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கருக்கிவிடும்.

டொராண்டோவில் மல்லி

ஸ்கார்பரோவில் ஜன்னலோரம் மல்லித் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. நவம்பரில் வெட்டினால் வெளிச்சம் இல்லாமல் தளிர் வெளிறி நீளும். குளிர் முழுக்கத் தண்ணீரைக் குறைத்து, தெற்குப் பார்த்த ஜன்னலில் வைத்திருந்து, பிப்ரவரிக் கடைசியில் பகல் நீளத் தொடங்கியதும் கவாத்து செய்யுங்கள். மே மாதம் விக்டோரியா தினம் வரும்வரை வெளியே எடுக்க வேண்டாம். அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கெடு. எடுத்ததும் நேர் வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள். ஜூன், ஜூலையில் பூக்கும். செப்டம்பரில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். கொண்டுவரும்போது ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சிவப்புச் சிலந்திப்பேன் இரண்டு உள்ளே வந்தால், ஹீட்டரின் வறண்ட காற்றில் பொங்கலுக்குள் செடி முழுக்கப் பரவிவிடும்.