ராணுவ லாரி ஆக்ஸிலில் பின்சக்கர ஸ்டியரிங்

பழைய சக்திமான் ராணுவ லாரியின் முன் ஆக்ஸில் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை என் ஆஃப்ரோடு ஜீப்பின் பின்பக்கம் பூட்டி, பின்சக்கரங்களையும் திருப்ப முடியுமா?
– வாசகர், எம்.ரெட்டியபட்டி

தாராளமாக முடியும். டயர் வைத்த நெல் அறுக்கும் இயந்திரம் பின்சக்கரத்தால்தானே திரும்புகிறது! சீமைக்கருவேல முள்ளுக்குள் வண்டியை வளைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் உருவானது சக்திமான். அதன் முன் ஆக்ஸில் இழுக்கவும் செய்யும், திரும்பவும் செய்யும். ஆகவே பாதி வேலை முடிந்தது.

ஆக்ஸிலை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டுங்கள். சக்கரம் சரியான திசையிலேயே சுழலும். ஆனால் கிங்பினின் முன்பின் சாய்வு நேர்மாறாகிவிடும். திருப்பிய சக்கரம் தானாக நேராகாது. ஆக்ஸில் முனையை வெட்டிச் சாய்வை மாற்றி வெல்டு செய்ய, லாரி ஆக்ஸில் வேலையில் கைதேர்ந்த பட்டறையைப் பிடியுங்கள். டிஃபரன்ஷியல் ஓரமாக இருந்தால் அது மறுபக்கம் போய்விடும். புரப்பல்லர் ஷாஃப்ட் நேர்கோட்டில் வருகிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

முன்னாலும் அதே ரக ஆக்ஸிலைப் போடுங்கள். பல் விகிதம் மாறினால், நான்கு சக்கர இழுவையில் கெட்டித் தரையில் கியர் நொறுங்கும்.

திருப்புவதற்குத் தனி நெம்புகோலுடன் ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்து, நடுநிலையில் பூட்ட ஓர் இரும்பு முளையும் பொருத்துங்கள். நடை வேகத்தில் மட்டுமே முளையை எடுங்கள்.

பொதுச்சாலையில் இந்த வண்டி ஓடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சொந்த நிலத்தில் ஓட்டுங்கள். வெளியூருக்கு லாரியில் ஏற்றிச் செல்லுங்கள்.