விழுந்த இடம் எது?
ஒரு கடினமான நிஞ்சா விளையாட்டில் கற்ற பாடங்கள்

வீடியோ கேம் என்றாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது நேரத்தைத் தின்னும் என்பது அவர்களது குற்றச்சாட்டு. அதில் உண்மையில்லை என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் சென்ற விடுமுறையில் தம்பியுடன் விளையாடிய ஒரு பழைய விளையாட்டு எனக்குச் சிலவற்றைக் கற்றுத் தந்தது. அவற்றைப் பாடமாகவே இங்கு எழுதுகிறேன்.

தம்பி ஆறாம் வகுப்பில் படிக்கிறான். புலமைப்பரிசில் பரீட்சையில் சில புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டவன். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து ஒரே பதில்தான்: "எனக்கு ஏலாது தாத்தா." இந்த விளையாட்டின் இரண்டாம் நாளிலும் கொன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்துவிட்டு அதையே சொன்னான்.

விளையாட்டின் பெயர் 'நிஞ்சா கைடன்'. டெக்மோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1988ஆம் ஆண்டு வெளியிட்டது. ரியூ ஹயபுசா என்ற இளைஞனின் தந்தை ஒரு வாட்போருக்குச் சென்று திரும்பி வரவில்லை. அவர் விட்டுச் சென்ற கடிதத்தின்படி, குடும்பத்தின் வாளை எடுத்துக்கொண்டு மகன் அமெரிக்காவுக்குப் புறப்படுகிறான். கதை படங்களாக இடையிடையே விரிகிறது. மொத்தம் 6 அத்தியாயங்கள். கடினமான விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் இதன் பெயரைச் சொல்வார்கள். சாச்சா தந்த நின்டெண்டோ ஸ்விட்சில் இருந்த பழைய விளையாட்டுகளின் தொகுப்பில் இதைக் கண்டோம்.

முதற் பாடம்: எண்ணிப் பார்த்தல்

ரியூவின் உயிர்ச்சக்தி 16 கோடுகளாகக் காட்டப்படும். அது பெரிதாகத் தோன்றும். ஆனால் நாங்கள் அதிகம் இறந்தது அது தீர்ந்ததால் அல்ல. அடிபட்டால் ரியூ பின்னோக்கித் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் 16 கோடுகளும் நிறைந்திருந்தாலும் அவன் முடிந்தான். ஆகவே எதிரியைப் பார்ப்பதற்கு முன், நாம் நிற்கும் இடத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் நின்று சண்டை பிடிக்கக் கூடாது.

இரண்டாம் பாடம்: பாதியில் பின்வாங்காதிருத்தல்

இந்த விளையாட்டில் ஒவ்வோர் எதிரிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் திரையின் ஓரத்தில் தென்படும்போது எதிரி தோன்றுவான். அவனை வெட்டிவிட்டுப் பயத்தில் இரண்டடி பின்வாங்கி மறுபடி முன்னேறினால், அதே எதிரி மீண்டும் வருவான். புதியவர்கள் இதை அறியாமல் ஒரே ஆளைப் பத்துத் தடவை வெட்டிக் களைத்துப் போவார்கள். நாங்களும் களைத்தோம். நின்று பார், முடிவெடு, முடிவெடுத்த பின் முன்னேறு என்பதே இதற்கு மருந்து.

மூன்றாம் பாடம்: கிடைப்பதையெல்லாம் எடுக்காதிருத்தல்

வழியிலுள்ள விளக்குகள் போன்ற பொருட்களை வெட்டினால் சக்திகள் கிடைக்கும். எறியும் நட்சத்திர ஆயுதம், நெருப்பு எனப் பல உண்டு. மேல் பொத்தானுடன் வாள் பொத்தானை அழுத்தினால் அவை பயன்படும், ஒவ்வொரு தடவையும் புள்ளிகள் செலவாகும். பாய்ந்து சுழன்று வெட்டும் சக்தி மிக வலியது. ஆனால் அது கையிலிருக்கும்போது அந்தரத்தில் வாளை வீசினாலே புள்ளிகள் கரைந்துவிடும். தம்பி அப்படித்தான் எல்லாவற்றையும் வீணாக்கிவிட்டுத் தலைவன் முன் வெறுங்கையோடு நின்றான். அடுத்து வரப்போவது எது என்று அறிந்து, அதற்கு உதவும் சக்தியை மட்டும் எடுப்பது நல்லது.

நான்காம் பாடம்: பறவைகள்

இந்த விளையாட்டின் உண்மையான வில்லன் பறவைதான். சரியாக நாம் பாயும் நேரத்தில் வந்து மோதிப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதைக் கண்டு அவசரமாகப் பாய்ந்தால் தோல்வி நிச்சயம். பறவை வரும்வரை நின்று, வெட்டி, பிறகு பாய வேண்டும். எந்தப் பறவை எங்கே வரும் என்பது ஒருபோதும் மாறாது. இது எங்களுக்குப் புரிந்த நாளில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்தோம். ஒவ்வொரு தடவை இறந்ததும் இடம், காரணம் இரண்டையும் எழுதினோம். "இரண்டாவது மேடை, பறவை, முந்திப் பாய்ந்தேன்" என்பது போல. ஒரு பக்கம் நிறைந்ததும் பார்த்தால், நாற்பது சாவுகளுக்கும் மூன்று நான்கு காரணங்களே இருந்தன!

ஐந்தாம் பாடம்: பின்னோக்கிச் சுற்றும் வசதி

ஸ்விட்சில் நேரத்தைப் பின்னோக்கிச் சுற்றும் வசதி உண்டு. தவறியதும் சுற்றிவிட்டு மறுபடி பாயலாம். முதலில் அப்படித்தான் செய்தோம். கட்டங்கள் கடந்தன, கைகள் எதையும் கற்கவில்லை. பின்னர் ஒரு விதி வைத்தோம்: கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் சேமிப்பது, தவறினால் அங்கிருந்தே தொடங்குவது. இறுதி அத்தியாயத்தில் இதன் பயன் தெரிந்தது. அங்கே கடைசித் தலைவர்களிடம் தோற்றால், விளையாட்டு நம்மை அந்த அத்தியாயத்தின் முதற் கட்டத்துக்கே திருப்பி அனுப்பும். வழியை உண்மையாகக் கற்றவருக்கு அந்தத் தண்டனை பெரிதல்ல.

ஒரு நாள் அஸருக்குப் பின் தம்பி கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தான். என் தவணைப் பரீட்சை இரசாயனவியல் விடைத்தாளை நான் அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். உம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, அதுல நீங்க எங்க விழுந்தீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. புள்ளியைப் பார்த்து அழுதேனே தவிர, தாளை ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்கவில்லை. அன்றிரவு இருவரும் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தவறையும் எழுதினோம். பாதிக்கும் மேல் ஒரே இடம்: மூல் கணிப்புகளில் அலகை மாற்ற மறந்திருந்தேன். அதே பறவை, அதே பள்ளம். மறுநாள் தம்பி தன் கணிதக் கொப்பியையும் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏலாது" என்று சொல்லவில்லை.

தோழிகளே, விளையாடுவதாயின் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் மட்டுமே. அதான் சொன்னால் பாதிக் கட்டமாயினும் நிறுத்திவிட வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை புள்ளி குறைந்து வரும்போது "எத்தனை?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எங்கே விழுந்தாய்?" என்றும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். விழுந்த இடம் தெரிந்தால் எழும்புவது அவ்வளவு கடினமல்ல.

இறுதித் தலைவனை நாங்கள் இன்னும் வெல்லவில்லை. கொப்பியில் பக்கங்கள் மீதமிருக்கின்றன.