சூடேற்றிப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய என்.எம்.ஆர் ஸ்பெக்ட்ரத்தைக் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். நைட்ரஜனோடு ஒட்டிய மெத்திலுக்கு ஒரு பீக் வரவேண்டிய இடத்தில் இரண்டு நிற்கின்றன. ஒன்று உயரம், ஒன்று குள்ளம். “சார், பன்னிரண்டு சதவீதம் இம்ப்யூரிட்டி. ரிப்போர்ட் போட்டுடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். போடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது போடாதே.

நான் ஒருமுறை போட்டவன் என்பதால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு மருந்துக் கம்பெனியில். இதே மாதிரி ஓர் அமைடு, இதே மாதிரி இரட்டைப் பீக். என் ரிப்போர்ட்டால் பேட்ச் நின்றது. உற்பத்திப் பிரிவின் மூத்தவர் மறுபடி படிகமாக்கிக் கொடுத்தார். பிறகு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பீக்கும் அதே விகிதத்தில் வந்தன. துவைக்கத் துவைக்க அழுக்கு கொஞ்சமாவது குறைய வேண்டாமா? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவருடைய செய்முறையில் கோளாறு என்று சொன்னேன். கடைசியில் சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்குப் போனேன். அங்கே கருவியில் உட்கார்ந்திருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “சூடேற்றிப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். 100 டிகிரியைத் தாண்டியதும் இரண்டு பீக்கும் அகன்று, நெருங்கி, ஒன்றாகிவிட்டன. ஆறியதும் பழையபடி இரண்டு. மறுநாள் அந்த மூத்தவரின் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்று டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருடைய ஆட்கள் மூன்று வாரம் நைட் ஷிப்ட் பார்த்தது என்னால்தான். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உன் மூலக்கூறில் நடப்பது இதுதான். அமைடில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு. அது சட்டென்று சுழலாது. அதனால் ஒரே மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள்: மெத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 1963-இல் ஜி.என்.ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களுக்கான அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தை வரைந்தபோது, பெப்டைடு அலகைத் தட்டையானதாக எடுத்துக்கொண்டதும் இந்தப் பாதி இரட்டைப் பிணைப்பை நம்பித்தான். புரதத்தின் முதுகெலும்பை விறைப்பாக்குவது எதுவோ அதுவேதான் உன் பேட்சில் இரண்டாவது பீக்கை நிறுத்தியிருக்கிறது.

சின்ன வயதில் பம்பரத்தின் தலையில் சிவப்பும் மஞ்சளும் பட்டையாகப் பூசி விட்டிருப்பாய். வேகமாகச் சுற்றும்போது இரண்டு நிறமும் கலந்து ஆரஞ்சாகத் தெரியும். வேகம் குறைந்து தள்ளாடும்போது எல்லாம் மங்கலாகும். நின்றபின் சிவப்பு தனி, மஞ்சள் தனி. வேதிப் பரிமாற்றம் இவ்வளவுதான். காந்தத்தின் கண்ணுக்கு மூலக்கூறு வேகமாக வடிவம் மாற்றினால் சராசரியாக ஒரு பீக். மெதுவாக மாற்றினால் இரண்டு பீக். இடைப்பட்ட வேகத்தில் பரந்து சப்பையான மேடு. எது வேகம், எது மெது என்பதைத் தீர்மானிப்பது இரண்டு பீக்குகளுக்கும் நடுவே எத்தனை ஹெர்ட்ஸ் இடைவெளி என்பது. இரண்டு வடிவமும் சரிபாதியாக இருந்தால், இடைவெளியை 2.22-ஆல் பெருக்கிப் பார். நொடிக்கு அத்தனை முறை வடிவம் மாறுகிற வெப்பநிலையில் பீக்குகள் ஒன்றுசேரும். இடைவெளி 20 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 44 முறை.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காந்தம் பெரிதானால் ஹெர்ட்ஸ் கணக்கில் இடைவெளியும் பெரிதாகும். டைமெத்தில் ஃபார்மமைடை எடுத்துக்கொள். 1950-களில் குடோவ்ஸ்கியும் ஹோமும் இதை வைத்துத்தான் பிணைப்பின் சுழற்சி வேகத்தை அளந்து காட்டினார்கள். 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதன் இரண்டு மெத்தில்களும் 120 டிகிரியை ஒட்டிச் சேர்ந்துவிடும். 400-இல் இன்னும் மேலே போக வேண்டும். அதனால் உங்கள் மேசைக் கருவியில் ஒரு பீக்கும் வெளியே கொடுத்த இடத்தில் இரண்டு பீக்கும் வந்தால், யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைக்காதே. இரண்டுமே உண்மை.

உன் சாம்பிளுக்கு வருவோம். நீ டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் எடுத்திருக்கிறாய். அது 61 டிகிரியில் கொதிக்கும், அதில் சூடேற்றும் வேலையே வேண்டாம், ட்யூப் வெடித்தால் அதைப் பிடித்திருக்கும் ப்ரோப் போய்விடும். டைமெத்தில் சல்ஃபாக்சைடுக்கு மாறு. 25, 60, 100 என்று ஏறு. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் காத்திரு. திரும்ப ஷிம் பண்ணு, அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கு. கடைசியில் கட்டாயம் 25-க்கு இறங்கி இன்னொன்று எடு. இறங்கும்போது பழைய படம் அப்படியே திரும்பினால்தான் அது வடிவ மாற்றம். திரும்பாவிட்டால் நீ சாம்பிளைச் சமைத்துவிட்டாய் என்று பொருள்.

சூடு தாங்காத மருந்து என்றால் இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. நோசி என்ற இருபரிமாண ஸ்பெக்ட்ரம் எடு. சின்ன மூலக்கூறில், அருகருகே இருக்கிற புரோட்டான்கள் தருகிற குறுக்குப் பீக் மூலைவிட்டத்துக்கு எதிர்க்குறியில் வரும். இடம் மாறிக்கொள்கிற புரோட்டான்கள் தருவது மூலைவிட்டத்தின் அதே குறியில் வரும். பெரிய பீக்குக்கும் சின்ன பீக்குக்கும் நடுவே அதே குறியில் ஒரு குறுக்குப் பீக் நின்றால், இரண்டும் ஒரே மூலக்கூறு. அழுக்கு மருந்தாக மாறாது அல்லவா? அறைவெப்பத்தில் மாற்றம் மிக மெதுவாக இருந்தால் எதுவும் தெரியாது. 60-இல் முயன்று பார். இந்த இருபரிமாண முறையைப் புரதங்களுக்குக் கொண்டுபோன 1980-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் எர்ன்ஸ்ட், வூத்ரிச் ஆகியோரோடு முதல் பெயராக நிற்பவர் அனில் குமார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வாழ்நாளெல்லாம் மாணவர்களை உருவாக்கியவர்.

நம் ஆட்கள் இந்தத் துறைக்குள் வந்தது அதற்கும் முன்னால். 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் எத்தனாலின் மூன்று பீக்குகளை முதன்முதலாகப் பிரித்துக் காட்டிய கட்டுரையில் அர்னால்டு, பேக்கார்டு இருவருக்கும் நடுவில் இருக்கும் பெயர் தர்மட்டி. அவர்தான் பிறகு மும்பையில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் இந்தத் துறையை ஊன்றியவர். 1987-இல் சந்திரகுமாரும் சுப்பிரமணியனும் சென்னையில் இருந்துகொண்டே எழுதிய பாடநூலை ஸ்ப்ரிங்கர் வெளியிட்டது. ஒரகடத்தில் தனியாக ஒரு கருவியோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தாயே, அதனால் இதையெல்லாம் சொல்கிறேன்.

அந்த எத்தனாலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சுத்தமான எத்தனாலில் ஓஎச் புரோட்டான் பக்கத்து சிஎச்2-வைப் பார்த்து மூன்றாகப் பிளந்து நிற்கும். ஒரு துளி அமிலம் பட்டால் போதும், புரோட்டான் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவத் தொடங்கி, பிளவு மறைந்து ஒற்றைக் கோடாகிவிடும். தண்ணீர் சேர்ந்தால் அதோடும் கலந்து ஒரே பீக்.

இந்தக் கடிதத்தை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம், உன் கம்பெனியிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் இருக்கும் சுங்குவார்சத்திரம். அங்கே தயாரான இருமல் மருந்தின் ஒரு பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. சிரப்புக்குப் போடுகிற புரொப்பிலீன் கிளைகாலில் ஒரு மெத்தில் இருக்கிறது, 1.1 பிபிஎம் அருகே இரட்டைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். டைஎத்திலீன் கிளைகாலில் மெத்திலே கிடையாது. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் எந்த மேசைக் கருவியும் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். இதற்கு என்.எம்.ஆர் கூட வேண்டியதில்லை, மருந்தகராதி சொல்லும் வாயு குரோமட்டோகிராஃபியே போதும். பார்ப்பதற்கு ஓர் ஆள்தான் வேண்டும். தம்பி, நீ அந்த ஆள்.

பார்க்கிறவனும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. எத்திலீன் கிளைகால் டைஎத்திலீனுக்குத் தம்பி, விஷத்தில் குறைந்ததல்ல. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் அதன் சிஎச்2 பீக் 3.34-இல் விழும். அந்தக் கரைப்பானில் தண்ணீரின் பீக் 3.33. ஐப்பசி மழையில் ஆம்ப்யூலை உடைத்துவிட்டு ஃபோன் பேசிக்கொண்டிருந்தால் நம் ஊர்க் காற்றே அதற்குள் தண்ணீர் ஊற்றிவிடும். கொழுத்த தண்ணீர்ப் பீக்குக்கு அடியில் விஷம் ஒளிந்துகொள்ளும். “ஈரம்தான்” என்று நீ தாண்டிப் போய்விடுவாய். அங்கேயும் மருந்து அதேதான்: சூடேற்று. ஹைட்ரஜன் பிணைப்பு தளரத் தளரத் தண்ணீரின் பீக் நகரும். கார்பனோடு ஒட்டிய சிஎச்2 ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். அல்லது கன நீரில் எடுத்துப் பார்: கிளைகால் 3.65 பக்கத்தில் இருக்கும், தண்ணீர் 4.8-க்குத் தள்ளிப்போய்விடும்.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பீக் மட்டும் அகன்றிருந்தால் பரிமாற்றமாக இருக்கலாம். கரைப்பானின் பீக் உட்பட எல்லாமே அகன்றிருந்தால் ஷிம் சரியில்லை, இல்லையென்றால் சாம்பிளில் தூசு. சிங்கபெருமாள்கோயில் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் ஓயாமல் போகிற இடத்தில் உன் கருவி இருக்கிறது, இரவு பத்துக்கு மேல் ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பார். திரவ குரோமட்டோகிராஃபி ஆட்களோடு சண்டை வேண்டாம். அவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எனலாப்ரிலில் புரோலின் பக்கத்து அமைடு மெதுவாகத் திரும்புவதால் அறைவெப்பத்தில் பீக் அகன்று பிளக்கும், பிரிக்கும் குழாயைச் சூடாக்கினால் கூராகும். அவர்களிடம் கேட்டால் உனக்கு முன்பே தெரிந்துவைத்திருப்பார்கள்.

நோயாளிகள் பலர் இறந்த 2008 ஹெப்பாரின் கலப்படத்தையும் மறந்துவிடாதே. அசிட்டைல் மெத்திலுக்கு 2.05 அருகே ஒரு பீக் இருக்க வேண்டும், 2.16-இல் இன்னொன்று முளைத்திருந்தது. அது நிஜமான கலப்படம், சல்ஃபேட் அதிகம் ஏற்றிய காண்ட்ராய்ட்டின். அதற்குப் பிறகுதான் அமெரிக்க மருந்தகராதி ஹெப்பாரினுக்கு என்.எம்.ஆர் சோதனையைக் கட்டாயமாக்கியது. இரண்டாவது பீக் எல்லாமே வெறும் வடிவ மாற்றம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. எது எது என்று உனக்கே தெரியாமல் கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. உன் ப்ரோப் 100 என்று காட்டினால் அது 100 தானா? ட்யூபுக்குள் சில டிகிரி தள்ளி இருக்கும். அதற்கும் எத்திலீன் கிளைகால்தான் வெப்பமானி. ஒரகடத்தில் உன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வண்டிக்கு வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே, அதே சரக்கு. சுத்தமான கிளைகாலில் ஓஎச் பீக்குக்கும் சிஎச்2 பீக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை பிபிஎம்மில் அள. 102-ஆல் பெருக்கி 466.5-இலிருந்து கழித்தால் கெல்வினில் வெப்பநிலை வரும். இடைவெளி 1.5 என்றால் 313.5 கெல்வின், 40 டிகிரி. 1 என்றால் 91 டிகிரி.

சீல் வைத்த கிளைகால் ட்யூப் ஒன்று என்னிடம் இருக்கிறது, இருபது வருடமாக வைத்திருக்கிறேன். என் மருமகன் வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் வருகிறார், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். பஞ்சில் சுற்றித் தருகிறேன். முதலில் அதை வைத்து ப்ரோபைச் சரிபார்த்துவிட்டு உன் அமைடை ஏற்று. ஆறியபின் எடுத்ததோடு சேர்த்து நான்கு படத்தையும் எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்