பனிச்சறுக்குப் பயிற்சி: எங்கே, எதைக் கற்பது?

குருசுக்குப்பத்து மீனவர் படகை இறக்குமுன் கரையில் சற்று நேரம் நிற்கிறார். காற்று வாடையா, கச்சானா? அலை எப்படி மடங்குகிறது? இவற்றைப் பார்த்த பிறகே படகில் கை வைக்கிறார். படகைச் செலுத்துவது ஒரு கல்வி. கடலை அறிவது வேறொரு கல்வி. பனிமலையில் சறுக்க விரும்புவோருக்கும் இப்படி இரண்டு கல்விகள் உண்டு. பயிற்சி விளம்பரங்களில் முதலாவதே பெரும்பாலும் கண்ணில் படுகிறது. இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

காசுமீரத்தின் குல்மார்க்கில் ரோப் காரில் ஏறி, சமன் செய்து காவலிட்ட சரிவில் சறுக்கி இறங்கலாம். இது ஒரு வகை. ரோப் கார் இல்லாத மலையில் தன் காலாலேயே ஏறி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்குவது மற்றொரு வகை. நாம் இங்கு பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

ஏறும்போது சறுக்குக் கட்டையின் அடியில் ஒரு நீண்ட பட்டையை ஒட்டுவார்கள். அதன் மயிர்கள் ஒரே திசையில் படிந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பாகவும், எதிராகத் தடவினால் தடையாகவும் இருக்குமல்லவா? அதுபோல் கட்டை முன்னே நழுவும், பின்னே நழுவாது. முற்காலத்தில் சீல் தோலைக் கட்டினார்கள். இன்று ஆட்டு மயிரோ நைலானோ பயன்படுகிறது. இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்குபவர்களுக்கென நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகையும் உண்டு. ஏறும்போது அது இரு கட்டைகள். இறங்கும்போது மீண்டும் ஒரே பலகை.

கட்டை இல்லாமல் நடந்தால் என்ன? 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய இரு காலணிகளின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் எடை விழும். 170 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள இரு கட்டைகள் மீது அவர் நின்றால் அது 20 கிராமாகக் குறையும். இடுப்பளவு புதையாமல் போக முடிவது இதனால்தான்.

இனி ஆபத்துக்கு வருவோம். உலர்ந்த கடற்கரை மணலைக் குவித்தால் குவியலின் பக்கம் ஏறத்தாழ 34 பாகைச் சாய்வில் நிற்கும். (குருசுக்குப்பத்து மாணவர்கள் மணலுக்குச் சற்றுத் தள்ளிப் போக வேண்டியிருக்கும். 1989இல் புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின் வடக்கே கரை அரிக்கப்பட்டு, மணல் இருந்த இடத்தில் கருங்கற்களைக் கொட்டினார்கள்.) ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் இதுவே என்பதுதான் சிக்கல். இதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் பெருஞ்சுமை சேர்வதில்லை.

ஆனால் பனி எப்போதும் மணலைப்போல் உதிர்வதில்லை. அது அடுக்கடுக்காக விழுகிறது. தரையோடு ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸில் இருக்க, மேற்பரப்பு மிகவும் குளிர்ந்திருக்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் வேறுபட்டால், நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து பனித்துகள்களைச் சர்க்கரை போன்ற கோணல் படிகங்களாக மாற்றிவிடும். இவை ஒன்றோடொன்று ஒட்டா. இந்த வலுவற்ற அடுக்கின் மேல் காற்று அழுத்திய பனி பலகைபோல் படிகிறது. ஒரு மனிதனின் எடை போதும். கீழடுக்கு நொறுங்க, பலகை முழுதும் கழன்று விழும். உயிர்ச்சேதம் நேரும் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுபவர் அதில் சிக்கியவரோ அவர் கூட்டாளியோதான்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். சொரசொரப்பான பலகை மீது மைதா மாவை ஒரு சென்டிமீட்டர் பரப்பி அழுத்துங்கள். அதன்மேல் மெல்லிதாகச் சர்க்கரை. அதற்கு மேல் மீண்டும் மாவு பரப்பி அழுத்துங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, மேலடுக்கு நழுவும் கோணத்தைக் கோணமானியால் அளவிடுங்கள். பிறகு சர்க்கரை இல்லாமல் செய்யுங்கள். இரு கோணங்களையும் ஒப்பிட்டால், மேலிருந்து பார்த்து ஒரு சரிவை ஏன் நம்பக்கூடாது என்பது விளங்கும்.

சிக்கியவருக்கு நேரம் மிகக் குறைவு. பனியில் முழுதும் புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவரே. அடிவாரத்திலிருந்து மீட்புப்படை வருமளவுக்கு அவகாசம் இல்லை. உடன் வந்தவர்களே மீட்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்கிறார்கள்: துழாவும் கோல், மடக்கு மண்வாரி, டிரான்ஸீவர் என்னும் சிறு பெட்டி.

இந்தப் பெட்டி இயற்பியல் மாணவர்களுக்கு நல்ல விருந்து. அது 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துடிப்புகளை வெளியிடும். அலைநீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 656 மீட்டர் வரும். தேடுவதோ ஐம்பது மீட்டர் வட்டத்துக்குள்! எனவே தேடுபவர் பிடிப்பது தொலைவுக்குப் பரவும் வானொலி அலையை அன்று. ஒரு சிறு சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை. அது தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு பாதியானால் சைகை எட்டு மடங்காகும். சட்டக்காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பு காட்டும் வழியும் அப்படி வளைந்தே செல்லும். பழகாதவர் நேர்கோட்டில் ஓடப் பார்த்து நிமிடங்களை இழப்பார். புத்தகம் படித்து இது வராது.

இனி எங்கே கற்பது? டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிலையம் (1954), மணாலி நிலையம் (1961), உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிலையம் (1965) ஆகியவை ஏறத்தாழ நான்கு வார அடிப்படை மலையேற்றப் பயிற்சி தருகின்றன. கயிறு, பாறை, பனிக்கட்டி, உயரத்துக்குப் பழகுதல் எல்லாம் அங்கு கிடைக்கும். கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. சறுக்கல் பயிற்சி தனி. குல்மார்க், மணாலியை அடுத்த சோலாங், உத்தரகாண்டின் ஔலி ஆகிய இடங்களில் ஒன்று அல்லது இரண்டு வாரப் பயிற்சிகள் நடக்கின்றன. அவை பெரும்பாலும் சமன் செய்த சரிவுக்கானவை. அவற்றின் சான்றிதழை வைத்துக்கொண்டு திறந்த மலைக்குப் போகத் துணியாதீர்கள். பனிச்சரிவுக்கென்றே கனடாவில் குறைந்தது இரண்டு நாளும் அமெரிக்காவில் மூன்று நாளும் முதல்நிலைப் பயிற்சி தருகிறார்கள். இந்தியாவில் எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் இந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

நிலையத்தின் புகழ் மட்டும் காவலாகாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு நிலையத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி 29 பேர் மாண்டனர். 2023 பிப்ரவரி 1இல் குல்மார்க்கின் அபர்வத் மலையில் சறுக்கிய போலந்து நாட்டினர் இருவர் இறந்தனர்.

விண்ணப்பிக்குமுன் எழுதிக் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? புதைத்த பெட்டியை ஒவ்வொருவரும் எத்தனை முறை தாமே தேடித் தோண்டுவார்கள்? பனியில் குழிவெட்டி அடுக்குகளை ஆராயக் கற்றுத் தருவார்களா? எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. குறித்த நாளில் பனி சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? "அன்று மலையேறாமல் முகாமருகே பாடம் நடத்துவோம்" என்பவரிடம் பணம் கட்டலாம். "எப்படியும் உச்சிக்குக் கூட்டிப்போவோம்" என்பவரிடம் வேண்டாம்.

கடல்மட்டத்திலிருந்து போகும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் புதுவையில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பயணத்திட்டத்தில் இதற்கு நாள் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வயது வரம்பும் இடத்துக்கிடம் மாறும். மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் கேட்பார்கள். மூன்று மாதங்களுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுங்கள்.