முதலில் குழாயைத்தான் திறப்பார்

கேள்வி: திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. 1960களின் கட்டடம், மெட்ராஸ் டெரஸ், நடுவில் சின்ன முற்றம். அப்பா காலமாகி ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டார். அன்றிலிருந்து வீடு பூட்டியே கிடக்கிறது. நான் திருப்பூரில், தங்கை மதுரையில். விற்க முடிவெடுத்த பிறகு நான்கு பேர் வந்து பார்த்தார்கள். “சொல்லி அனுப்புறோம்” என்று போனவர்கள் திரும்பவில்லை. வெளிநாட்டில் செய்வதுபோல வாடகைக்குச் சோபா, திரைச்சீலை போட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்து, புட்டி வைத்துப் பெயின்ட் பூசினால் உடனே போய்விடும், 3 லட்சம் ஆகும் என்கிறான் பெங்களூரில் இருக்கும் என் மகன். செய்யலாமா?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும். ஆனால் அதைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு.

உங்கள் மகன் சொல்வது தவறான யோசனை அல்ல, வேறு ஊருக்கான யோசனை. விற்கும் வீட்டை மேடைபோல அலங்கரித்துக் காட்டும் வழக்கம் 1970களில் அமெரிக்காவில் ஒரு தொழிலாக வளர்ந்தது. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ஸ் அதில் முன்னோடி. அங்கே கட்டடத்தைச் சோதிக்க ஓர் ஆள், பத்திரத்தைச் சோதிக்க ஓர் ஆள் என்று பெரும்பாலும் தனித்தனியாக இருக்கிறார்கள். வாங்குபவர் நிம்மதியாகத் திரைச்சீலையைப் பார்க்கலாம். நம் ஊரில் வாங்க வருபவரே எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும். சந்தேகத்தோடுதான் வாசல்படி ஏறுவார். புதுச் சீலிங்கைப் பார்த்ததும் “மேலே எதை மறைச்சிருக்காங்க?” என்பதுதான் அவர் மனதில் எழும் கேள்வி.

அவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? குழாயைத் திறப்பார். திண்டுக்கல்லில் வீடு பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் “தண்ணி எப்படிங்க? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? போர் எத்தனை அடி, கோடையில நிக்குமா?” என்று கேட்காமல் போகமாட்டார். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வந்தும் தாகம் தீராத ஊர் இது. தோல் பதனிடும் கழிவால் நகரைச் சுற்றிய பல கிணறுகள் கெட்டதை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த நான்கு பேரும் வந்த அன்று உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததா? நீங்கள் எழுதவில்லை. வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

முதல் வேலையாக மின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் கட்டி இணைப்பை மீட்டுவிடுங்கள். இரண்டு வருடம் ஓடாத நீர்மூழ்கி மோட்டார் சிக்கிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக்கை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் துருவும் சேறுமாக வரும். தெளியும்வரை விட்டு, சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவுங்கள். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2000வரை அனுமதி உண்டு. உங்கள் போர்த் தண்ணீர் 1400 என்று வந்தாலும் அந்தத் தாளை மறைக்காதீர்கள். “குடிக்க மாநகராட்சித் தண்ணி, புழங்க போர் தண்ணி” என்று நேராகச் சொல்லிக் கையில் கொடுங்கள். தெரிந்த உப்புக்கு அவர் விலை பேசுவார். தெரியாத உப்புக்கு எழுந்து போய்விடுவார்.

முற்றம் இருப்பது பெரிய வரம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஒரு குழி வெட்டியிருப்பீர்கள். குப்பையை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டு, மூடியைத் திறந்து காட்டுங்கள்.

அடுத்தது தளம். வீடு பார்க்க வருபவரோடு ஒரு கொத்தனாரும் வருவார். அண்ணாந்து தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளைத்தான் பார்ப்பார். கரையான் தின்ற கட்டை ஒன்றோ இரண்டோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மாடியில் தட்டோடு பெயர்ந்த இடங்களைப் பூசி, வடிகுழாய் வாயில் அடைத்த சருகை எடுங்கள். மாற்றிய கட்டை புதிதாகவே தெரியட்டும், சாயம் பூசி ஒளிக்க வேண்டாம்.

சுவருக்குப் புட்டியும் வேண்டாம். அந்தக் காலத்து வீடு என்பதால் சுண்ணாம்புக் காரைச் சுவராகத்தான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சுரண்டிக் கொத்தனாரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அத்தகைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் புட்டியும் எமல்ஷனும் ஏற்றினால் ஈரம் அடைபட்டு, ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உதிரும். நல்ல சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, ஒரு துளி நீலம் கலந்து இரண்டு கை அடியுங்கள். செலவு குறைவு, முற்றத்து வெளிச்சம் அறைக்குள் பாயும், பூட்டிய வீட்டின் வாடையும் போகும்.

நிலைக்கதவைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். பழைய திண்டுக்கல் பூட்டு தொங்கினால் அதை மாற்றிவிடாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. திருகியதும் சத்தமில்லாமல் திறக்கும்படி எண்ணெய் விட்டு வையுங்கள். சாவியோடு கால்மணி நேரம் போராடினால், வந்தவர் வாசலிலேயே பாதி மனம் மாறிவிடுவார்.

அந்த வாசலைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். கோலம் இல்லாத வாசல், ஆள் இல்லாத வீடு என்று தெருவுக்கே சொல்லும். அவசரத்துக்கு விற்கிறார்கள் என்ற எண்ணம் அங்கேயே விழுந்து, விலையும் அங்கேயே இறங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து, சம்பளமும் பேசி, தினம் தண்ணீர் தெளித்துக் கோலமிடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏற்றட்டும். நம் ஊரில் வீட்டை மேடையேற்றுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். சோபாவைவிட இது பலமடங்கு வேலை செய்யும்.

இனி காகிதம். பட்டாவும் வீட்டுவரியும் இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் வீடு எவ்வளவு பளிச்சென்று இருந்தும் பயனில்லை. அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மாவின் பங்கு இப்போது உங்கள் இருவருக்கும். தங்கையின் கையெழுத்து இல்லாமல் கிரயம் நிற்காது. அவரையும் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கம், பெயர் மாற்றிய பட்டா, கடைசி வரி ரசீது, தண்ணீர் அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு உறையில் போட்டு, பார்க்க வருபவர் கையில் அன்றே கொடுத்துவிடுங்கள். வக்கீலிடம் காட்டிவிட்டு அவராகவே கூப்பிடுவார்.

வாங்குபவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர் தலையில். 40 லட்சத்துக்கு முடிந்தால் 3,60,000 ரூபாய். அலங்காரத்துக்குப் போட்ட 3 லட்சத்தையும் விலையில் ஏற்றினால் அவர் தாங்கமாட்டார். வாடகைச் சோபா அவருக்கு வரப்போவதும் இல்லை.

ஆடியில் யாரும் முன்பணம் தரமாட்டார்கள். அந்த மாதத்தைப் பழுதுபார்க்க வைத்துக்கொண்டு ஆவணியில் காட்டத் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடியாவிட்டால் பதற வேண்டாம். மழையன்றே கூப்பிட்டு ஒழுகாத தளத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக, கூடத்தில் மாலை போட்ட அம்மா அப்பா படங்கள் இன்னும் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். குரலைத் தாழ்த்திக்கொள்வார், தன் பிள்ளைகள் ஓடியாடும் வீடாக அதை நினைத்துப் பார்க்க முடியாது. விலை முடிந்த பிறகு அவசரமாகக் கழற்றுவதற்குப் பதில், தங்கையையும் வரச்சொல்லி, ஒரு நல்ல நாளில் இருவரும் சேர்ந்து படையல் போட்டு, படங்களை இறக்கி ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்லுங்கள். ஆணி இருந்த ஓட்டையைக் காரை வைத்து அடைத்த பிறகு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள்.