பருவங்களிலிருந்து பேரிடர்களுக்கு: கல்கியின் இரு தொடர்கதைகளில் தேசத்தின் தன்னுருவம்

திறவுச்சொற்கள்: கல்கி, வார இதழ், தொடர்கதை, தேச உருவாக்கம், தியாக பூமி, அலை ஓசை, பிரிவினை

முன்னுரை

செய்தித்தாளும் நாவலுமே தேசம் என்னும் கற்பிதச் சமூகத்தை மக்கள் மனத்தில் உருவாக்கிய அச்சு வடிவங்கள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். தமிழ்ச் சூழலுக்கு இக்கருத்தைப் பொருத்தும் ஆய்வாளர்கள் அவ்விரண்டையும் தனித்தனி வடிவங்களாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் 1930களின் தமிழ் வாசகர் அவற்றைத் தனித்தனியே பெறவில்லை. தலையங்கமும் தொடர்கதையும் ஒரே வார இதழின் தாள்களாக அவரை வந்தடைந்தன. கல்கி (1899–1954) போன்றோரிடம் இரண்டையும் எழுதிய கையும் ஒன்றே. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் பயின்று, இராஜாஜியின் மதுவிலக்கு இதழான ‘விமோசன’த்தில் பணியாற்றி, ‘ஆனந்த விகட’னில் புகழ்பெற்று, 1941இல் சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கியவர் அவர். அவருடைய இரு தொடர்கதைகளின் பாகத் தலைப்புகளை ஒப்பிட்டு, விடுதலைக்கு முன்னும் பின்னும் தேசம் தன்னை எவ்வாறு கண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இளவேனிலில் முடியும் கதை

‘தியாக பூமி’ 1938–39ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதே வேளையில் கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக இயக்கிக்கொண்டிருந்தார். ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் நிழற்படங்களே கதையுடன் அச்சிடப்பட்டன. 1939இல் வெளியான அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது. கதை, படம், இதழ் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இம்முயற்சி தனி ஆய்வுக்குரியது.

இந்நாவலின் நான்கு பாகங்களும் கோடை, மழை, பனி, இளவேனில் எனப் பெயர் பெற்றுள்ளன. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி செல்வமும் செல்வாக்கும் பெற்று மீள்கிறாள். சேர்ந்து வாழ வேண்டுமெனக் கணவன் தொடுக்கும் வழக்கை எதிர்கொள்கிறாள். இறுதியில் தேசத் தொண்டுக்குச் செல்கிறாள். ஒரு பெண்ணின் குடும்பத் துயரம் நாட்டு விடுதலைக்குள் கரைவதை ‘இளவேனில்’ என்னும் தலைப்பு இயல்பான நிகழ்வாக ஆக்கிவிடுகிறது. பருவங்கள் மாறிமாறி வருவன. பனிக்குப்பின் இளவேனில் வந்தே தீரும். 1939இல் இதழைப் பிரித்த வாசகருக்கு விடுதலை என்று வரும் எனத் தெரியாது. எனினும் வரும் என்ற உறுதியைத் தலைப்பே அவருக்கு அளித்தது. அரசின் கண்காணிப்பில் இருந்த இதழாளர் தலையங்கத்தில் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியதைக் கதைஞர் நான்கு பருவப் பெயர்களில் சொல்லிவிட்டார்.

பிரளயத்தில் முடியும் கதை

விடுதலை வந்தபின் எழுதப்பட்ட ‘அலை ஓசை’ 1948–49இல் கல்கி இதழில் வெளிவந்தது. அதன் நான்கு பாகங்களின் பெயர்கள் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்பன. கதைக்காலம் 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தில் தொடங்கி, காந்தியடிகள் கொல்லப்பட்ட 1948 சனவரியை எட்டுகிறது. பாத்திரங்களின் வாழ்வு செய்தித்தாளின் தேதிகளோடு பின்னிச் செல்கிறது. தாரிணி பீகாருக்கு நிவாரணப் பணிக்குச் செல்கிறாள். சீதா மணமாகித் தில்லிக்குச் செல்கிறாள். சூரியா அரசியல் பணிகளில் அலைகிறான். நாவலின் முதல் அத்தியாயம் ஒரு சிற்றூரின் தபால் சாவடியில் தொடங்குவது தற்செயலன்று. நாடு அவ்வூருக்குள் கடிதமாகவும் செய்தியாகவுமே நுழைகிறது.

விரும்பிய விடுதலை கிடைத்துவிட்ட பின், இளவேனிலை எழுதிய அதே கை ஏன் பிரளயத்தை எழுதியது? பிரிவினையின் கொடுமையும் காந்தியடிகளின் கொலையும் காரணங்கள் என எளிதாக விடை கூறலாம். அவ்விடை போதாது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. துயரம் பெரிதாயிருந்தது என்பதை அது விளக்கும். அத்துயரம் இயற்கைப் பேரிடரின் பெயரை ஏன் பெற்றது என்பதை விளக்காது.

இங்கு 1934ஆம் ஆண்டின் விவாதம் ஒன்றை நினைவுகூர வேண்டும். பீகார் நிலநடுக்கம் நிகழ்ந்தது சனவரி 15ஆம் நாள். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே அந்நிலநடுக்கம் எனத் திருநெல்வேலியில் பேசினார். இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் கற்பிப்பதை இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். ஆகவே, கல்கி கையாளும் முன்பே பூகம்பம் தேசத்தின் அறக்கதையாக இதழியலில் உருப்பெற்றிருந்தது.

‘அலை ஓசை’யில் இத்திசை தலைகீழாகிறது. காந்தியடிகள் இயற்கையின் அழிவில் மனிதரின் குற்றத்தைக் கண்டார். கல்கியின் தலைப்புகளோ மனிதர் செய்த அழிவை இயற்கையின் செயலாகக் காட்டுகின்றன. எரிமலை வெடிப்பதற்கும் பிரளயம் பொங்குவதற்கும் எவரும் பொறுப்பல்லர். பஞ்சாபில் நிகழ்ந்த கொலைகளுக்கோ செய்த கைகள் உண்டு. தூண்டிய நாக்குகளும் உண்டு. யார், எங்கே, எப்போது என்று கேட்பது இதழாளரின் தொழில். நாவலின் உள்ளே கலகக்காரர்களும் தலைவர்களும் வருகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் கதையைக் கட்டி நிறுத்தும் உருவகம் அவர்களைக் கடந்து நிற்கிறது. சீதாவின் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கும் அலையோசைக்கும் முகம் இல்லை.

இதனைக் குறையென்று மட்டும் ஒதுக்க இயலாது. பஞ்சாபிலிருந்து ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருந்த தமிழ் வாசகர், எந்த மதத்தாரையும் பகையாக்கிக்கொள்ளாமல் துயரப்பட இவ்வுருவகம் வழிசெய்தது. 1948இல் அது சிறு செயலன்று. காந்தியடிகளின் கொலைக்குப்பின் ஒரு காந்தியவாதி எடுத்த அறநிலைப்பாடாகவும் அதைக் கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பொறுப்பு யாருடையது என்னும் வினா கதையின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. பகையின்றி அழக் கற்ற தேசம், கணக்குக் கேட்கக் கற்கவில்லை.

எவருடைய தேசம்?

‘அலை ஓசை’யின் தேசம் பெரிதும் அக்கிரகாரத்துக்கும் தில்லித் தலைமைச் செயலகத்துக்கும் இடையே ஓடும் இரயில் பாதையில் அமைந்தது. அக்காலத்தில் வேறு தேசங்களும் தமிழில் எழுதப்பட்டன. 1942இல் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய அண்ணாவும் இதழாசிரியர், கதைஞர் என்னும் இரு நிலைகளிலும் நின்றவர். 1947 ஆகஸ்டு 15ஐத் துக்கநாள் என்றார் பெரியார். அண்ணா அதனை மறுத்தார். தேசிய இதழ்களுக்கு வெளியேயும் அந்நாளின் பொருள் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. ‘அலை ஓசை’ வெளிவந்த காலத்திலேயே, 1949 செப்டம்பர் 17இல், திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. இந்நாவலுக்கு 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு வழங்கப்பட்டபோது, பல கதைகளுள் ஒன்று தேசத்தின் கதையாக ஏற்பிசைவு பெற்றது.

நூலும் இதழும்

கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானபின் ‘அலை ஓசை’ பல பதிப்புகளில் கிடைக்கிறது. அவற்றில் பாகத் தலைப்புகள் எஞ்சியுள்ளன. இதழின் பிற பக்கங்கள் இல்லை. தொடர் வெளிவந்த ஆண்டுகளில்தான் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. அரசியலமைப்பு அவை சட்டப்பிரிவுகளை விவாதித்து, 1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பை ஏற்றது. ‘எரிமலை’யின் ஓர் அத்தியாயத்துக்கு முன்னும் பின்னும் எந்தத் தலையங்கம், எந்தக் கேலிச்சித்திரம், எந்த விளம்பரம் இருந்தன என்பதை நூற்பதிப்பு சொல்லாது. பேரிடர் உருவகம் தொடர்கதைக்கு மட்டும் உரியதா, தலையங்க நடையிலும் அது பயின்றதா என்பதை இதழின் 1948, 1949ஆம் ஆண்டுத் தொகுப்புகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டே கூற இயலும். பிரளயம் தலையங்கத்திலும் பொங்கியிருப்பின், மேலே கூறிய பொறுப்புக் குறித்த வினாவைக் கதைஞரிடம் மட்டுமன்றி இதழாளரிடமும் எழுப்ப வேண்டியிருக்கும்.