பத்து டிகிரி கூடினால் வினைவேகம் ஏன் இரு மடங்காகிறது?



"வெப்பநிலை உயரும்போது வினைவேகம் ஏன் அதிகரிக்கிறது?" வேதியியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. "துகள்கள் வேகமாக நகர்கின்றன, அதனால் அடிக்கடி மோதிக்கொள்கின்றன" என்று பலர் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பதில் தவறன்று. ஆனால், முக்கியமான காரணம் இதில் இல்லவே இல்லை. எப்படி என்கிறீர்களா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு சொல்லும் புதிர்

ஒரு மூடிய கலனில் உள்ள வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 37 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். கெல்வின் அளவில் இது 300லிருந்து 310 ஆகிறது. வாயுத் துகள்களின் சராசரி வேகம், கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 310ஐ 300ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 1.017 கிடைக்கிறது. அதாவது, துகள்களின் வேகம் 1.7 விழுக்காடு மட்டுமே கூடியிருக்கிறது. மோதல்களின் எண்ணிக்கையும் அதே அளவுதான் கூடும்.

ஆனால், அறை வெப்பநிலையை ஒட்டி நடக்கும் பல வினைகளின் வேகம், 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அது 100 விழுக்காட்டு உயர்வு! மோதல்கள் 2 விழுக்காடுகூட அதிகரிக்காதபோது, வினைவேகம் எப்படி இரு மடங்கானது?

எல்லா மோதலும் வினையாகாது

பெட்ரோல் ஆவி காற்றில் கலக்கும்போது, அதன் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு ஓயாமல் மோதுகின்றன. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல பில்லியன் முறை மோதுகிறது. ஆயினும், தீப்பொறி படும்வரை எதுவும் பற்றுவதில்லை. மோதிய துகள்கள் பந்துகளைப்போல் விலகிச் சென்றுவிடுகின்றன.

புதிய பிணைப்புகள் உருவாக வேண்டுமானால், பழைய பிணைப்புகள் தளர வேண்டும். அதற்கு மோதும் துகள்களிடம் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் இருக்க வேண்டும். அதுவே கிளர்வு ஆற்றல். அந்த ஆற்றலோடும் சரியான திசையமைவோடும் நிகழும் மோதலையே பயனுறு மோதல் என்கிறோம்.

கோலாலம்பூரிலிருந்து பகாங் மாநிலத்தின் பெந்தோங் நகருக்குச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. மேட்டில் ஏறும் வலு இல்லாத வண்டி, எத்தனை முறை புறப்பட்டாலும் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். அந்த மேடுதான் கிளர்வு ஆற்றல்.

அர்ரேனியஸ் கண்ட விடை

சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவாந்தே அர்ரேனியஸ், கரும்புச் சர்க்கரை அமிலத்தில் சிதையும் வினையைப் பற்றி 1889ஆம் ஆண்டில் எழுதினார். வெப்பநிலை சற்றுக் கூடினாலே அந்த வினையின் வேகம் பெரிதும் உயர்ந்தது. துகள்களின் வேகம் கூடுவதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது என்று அவர் கண்டார். போதிய ஆற்றல் பெற்ற சிறுபான்மை மூலக்கூறுகளே வினைபுரிகின்றன. வெப்பநிலை உயரும்போது அந்தச் சிறுபான்மை வெகுவாகப் பெருகுகிறது என்பதே அவருடைய விளக்கம்.

அவருடைய சமன்பாட்டைக் கொண்டு நம் புதிரை விடுவிப்போம். ஒரு வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் எனக் கொள்வோம். 27 டிகிரியில், ஒரு பில்லியன் மோதல்களில் ஏறக்குறைய 2 மோதல்களுக்கு மட்டுமே அந்த ஆற்றல் இருக்கும். 37 டிகிரியில் இது ஏறக்குறைய 4 ஆகிறது. மொத்த மோதல்கள் பெரிதாகக் கூடவில்லை. தடையைத் தாண்டும் மோதல்களோ இரு மடங்காகிவிட்டன. புதிர் அவிழ்ந்தது!

"10 டிகிரிக்கு இரு மடங்கு" என்பது எல்லா வினைகளுக்கும் பொருந்தும் விதியன்று. கிளர்வு ஆற்றல் 25 கிலோஜூல் என்றால், அதே 10 டிகிரிக்கு வேகம் 1.4 மடங்குதான் ஆகும். 100 கிலோஜூல் என்றால் மூன்றரை மடங்கைத் தாண்டும். மேடு உயர உயர, வெப்பநிலை மாற்றத்தின் தாக்கமும் அதிகமாகும்.

ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம்

சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலோடு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்தால், மஞ்சள் நிறக் கந்தகம் மெல்லப் படிந்து கரைசல் கலங்கும். குடுவையின் அடியில் பெருக்கல் குறி இட்ட வெள்ளைத் தாளை வைத்து, குறி மறையும் நேரத்தை அளப்போம். 30, 35, 40, 45, 50 டிகிரியில் சோதனையை மீண்டும் செய்யும்போது, கரைசல்களின் அளவும் செறிவும் குடுவையும் மாறக்கூடாது. 1ஐ நேரத்தால் வகுத்தால் வினைவேகத்தை ஒப்பிடலாம். இவ்வினையில் மூச்சை உறுத்தும் கந்தக டைஆக்சைடு வாயு வெளிவருவதால், காற்றோட்டமுள்ள இடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள்.

கேமரன் மலையில் முட்டை

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். நீரின் கொதிநிலையும் இறங்கும். கேமரன் மலையின் தானா ராத்தாவில் நீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கு முட்டை வேகக் கூடுதல் நேரமாகும். அடுப்பைப் பெரிதாக எரித்தாலும் பயனில்லை. நீர் விரைவாக வற்றுமே தவிர, அதன் வெப்பநிலை உயராது. அழுத்தக் கலனில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுகிறது. பருப்பு விரைவில் வெந்துவிடுகிறது.

இரண்டைக் குழப்பாதீர்கள்

வெப்பநிலையை உயர்த்தினால் கிளர்வு ஆற்றல் குறையாது. மேடு அதே உயரத்தில்தான் இருக்கும். ஏறும் வலுவுள்ள வண்டிகள்தான் பெருகும். வினையூக்கி செய்வது வேறு. கெந்திங் செம்பா சுரங்கப்பாதை, மேட்டின் உச்சிவரை ஏறாமல் வண்டிகளை மறுபக்கம் சேர்ப்பதுபோல, வினையூக்கி கிளர்வு ஆற்றல் குறைந்த வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது.

இனி, தேர்வில் இப்படி எழுதுங்கள்:

1. வெப்பநிலை உயரும்போது துகள்களின் இயக்க ஆற்றல் கூடுகிறது.
2. துகள்கள் வேகமாக நகர்வதால் மோதல் நிகழும் அடுக்கம் சற்றுக் கூடுகிறது.
3. கிளர்வு ஆற்றலுக்குச் சமமான அல்லது அதைவிட அதிகமான ஆற்றல் கொண்ட துகள்களின் விகிதம் பெரிதும் கூடுகிறது.
4. எனவே பயனுறு மோதல்களின் அடுக்கம் அதிகரித்து, வினைவேகம் உயர்கிறது.

மூன்றாம் வரிதான் இந்தப் பதிலின் உயிர். அதை விட்டுவிடாதீர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

பல தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் மருந்து சிதையும் வினைகள் முற்றிலும் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால், குளிர்பெட்டியில் இருக்கும் மருந்துக்கும் காலாவதித் தேதி எதற்கு? மேலே கண்ட மூன்றாம் வரியைப் பயன்படுத்தி உங்கள் விடையை எழுதிப் பாருங்கள்.